காரின் ஹீட்டர் சூட்டை எங்கே வாங்குகிறது?

டீ கொதிக்கட்டும், அதற்குள் ஆரம்பித்துவிடலாம்.

டொரண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜனவரி பிறந்தால் யாராவது ஒருவர் இந்தக் குறையோடு கதவைத் தட்டுவார்: "ஹீட்டரைப் போட்டா காத்து நல்லாத்தான் வருது, ஆனா ஜில்லுன்னு வருது." போன ஜனவரியில் தட்டியவர் மதுரைத் தம்பி ஒருவர். கனடாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கை மாறி வந்த பழைய கார். வெளியே மைனஸ் 18 டிகிரி. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் விரலெல்லாம் மரத்துப்போச்சு என்றார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ஹீட்டருக்கும் கேஸ் போடணுமா?"

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. நாமெல்லாம் ஏசியோடு வளர்ந்தவர்கள். நம் ஊரில் கார் என்றால் வெயில். வெயில் என்றால் ஏசி. காற்று ஜில்லென்று வரவில்லையா, கேஸ் இறங்கிவிட்டது, போய் நிரப்பிக்கொண்டு வா. ஆகவே குளிர்நாட்டுக்கு வந்ததும் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடுகிறது: குளிர்ச்சிக்கு ஒரு மிஷின் இருப்பதுபோலச் சூட்டுக்கும் ஒரு மிஷின் இருக்கும், டாஷ்போர்டுக்குள் எங்கேயோ ஒரு கம்பிச்சுருள் சிவந்து எரியும், அது கெட்டுப்போனால் மாற்ற வேண்டும். படித்தவர், படிக்காதவர், வந்து இருபது வருஷம் ஆனவர் எல்லாருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. இதை மட்டும் சரிசெய்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும் என்பதால், இதிலேயே கொஞ்ச நேரம் உட்காருவோம்.

டீ வந்துவிட்டது. சூடாக இருக்கிறது, குடிக்க முடியவில்லை. என்ன செய்கிறோம்? ஊதுகிறோம். டீ ஆறுகிறது. டீயில் இருந்த சூடு எங்கே போனது? நாம் ஊதிய காற்றில் ஏறிப் போய்விட்டது. டம்ளருக்கு அந்தப் பக்கம் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாகக் காற்று படும். அவ்வளவுதான், பெட்ரோல் காரின் ஹீட்டர் என்றால் இதுதான். அது சூட்டை உண்டாக்குவதில்லை. இன்ஜின் ஏற்கெனவே உண்டாக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் சூட்டின் மேல் காற்றை ஊதி, அந்தக் காற்றை நம் பக்கம் திருப்பிவிடுகிறது.

இன்ஜினிடம் எவ்வளவு சூடு இருக்கிறது என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். நாம் போடும் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் காரை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி பெரும்பாலும் சூடாகத்தான் போகிறது. ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு, இன்னொரு பகுதி இன்ஜினின் உலோகத்துக்குள். பெட்ரோல் எரியும் நொடியில் உள்ளே 2000 டிகிரியைத் தாண்டும். இன்றைய இன்ஜின்களில் பெரும்பகுதி அலுமினியம்; அது உருகுவதோ 660 டிகிரியில். சூட்டை ஓயாமல் அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லையென்றால் இன்ஜின் தன்னைத்தானே உருக்கிக்கொள்ளும்.

அந்த ஆள்தான் கூலன்ட் என்று நாம் சொல்லும் வண்ணத் தண்ணீர். இன்ஜினின் உலோகத்துக்குள் வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப் ஒன்று கூலன்ட்டைத் தள்ளித் தள்ளி அந்த வாய்க்கால்களில் ஓட்டுகிறது. போகும் வழியெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்டு, காரின் மூக்கில் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, எதிர்க்காற்றிடம் அதைக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகிறது. வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே வந்து சேருவதுபோல ஒரு மூடிய சுற்று.

இந்தச் சுற்றிலிருந்து ஒரு சின்னக் கிளை வாய்க்கால் பிரிந்து, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக, இன்ஜினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்குப் பின்னால் வருகிறது. அங்கே ஒரு புத்தகம் அளவுக்குக் குட்டி ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் கோர் என்பார்கள். ஒரு ஹோஸில் சூடான கூலன்ட் வரும், இன்னொன்றில் கொஞ்சம் சூடு குறைந்து திரும்பும். நடுவில் ஃபேன் ஊதும். ஊதிய காற்று நம் முகத்துக்கும் காலுக்கும் வரும். டம்ளரும் டீயும் ஊதும் வாயும் எல்லாம் இங்கே இருக்கின்றன.

ஹீட்டரை அணைத்து வைத்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜின் சூடேறிய பிறகு அந்தச் சூடு எப்படியும் ரேடியேட்டர் வழியாகத் தெருவுக்குத்தான் போகும். நாம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் ஃபேன் சுற்றும் மின்சாரம் ஒன்றுதான் செலவு. இந்த விஷயம் நம் மலைப்பாதை டிரைவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்க ஆரம்பித்தால், ஹீட்டர் உள்ள வண்டியில் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக் கொட்டுவார்கள். ஆனால் ஒரு ரேடியேட்டருக்கு ஒன்றரை ரேடியேட்டராகி இன்ஜின் தப்பித்துவிடும்.

எல்லாக் கார்களும் இப்படித் தண்ணீரில் சூடு வாங்கியவை அல்ல. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கூலன்ட்டே கிடையாது. காற்றாலேயே ஆறும் இன்ஜின். ஆகவே புகைக்குழாயைச் சுற்றிக் காற்றை ஓட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பினார்கள். 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளிழுத்து, கூலன்ட்டின் சூட்டில் வெதுப்பி, காருக்குள் அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இன்று நம் கார்களில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். அதற்கு முன்னால் கம்பளியும் காலடியில் சுடவைத்த கல்லும்தான் பலருக்கு ஹீட்டர்.

இப்போது தம்பியின் காருக்கு வருவோம். ஹீட்டர் சூட்டைக் கடன் வாங்குகிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், ஜில்லென்று காற்று வருவதற்கு நாலே காரணங்கள்தான் இருக்க முடியும். கடன் கொடுப்பவரிடமே சூடு இல்லை. சூடு இருக்கிறது, கொண்டுவரும் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் இருக்கிறது, வழி அடைத்திருக்கிறது. எல்லாம் வந்து சேர்ந்தும் காற்று அதன் பக்கம் போகவில்லை. மெக்கானிக்கிடம் போனாலும் அவர் மனசுக்குள் ஓடும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

முதலில் கடன் கொடுப்பவர். இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும். மைனஸ் 18இல் ஐந்து நிமிஷத்தில் சூடு வரவில்லை என்றால் அது கோளாறே இல்லை. பலர் காரைக் கிளப்பி இருபது நிமிஷம் நிறுத்தின இடத்திலேயே ஓடவிடுகிறார்கள். சும்மா நிற்கும் இன்ஜின் கொஞ்சம் பெட்ரோல்தான் எரிக்கிறது, கொஞ்சம் சூடுதான் தருகிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் அதைவிடச் சீக்கிரம் சூடேறும். கண்ணாடிப் பனியைச் சுரண்டி முடித்ததும் கிளம்பிவிடலாம், முதல் சில கிலோமீட்டர் இன்ஜினை விரட்டாமல். கிளம்பியவுடன் ஃபேனை முழு வேகத்தில் வைப்பதும் பிரயோஜனம் இல்லை. கொதிக்காத டீயை ஊதுவதுபோல அது. வருகிற கொஞ்ச சூட்டையும் பிடுங்கி இன்ஜினைத் தாமதப்படுத்தும். ஊசி கொஞ்சம் மேலே ஏறட்டும். ஆனால் ஒன்று: மூடிய கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது. பனியில் புதைந்த கார் என்றால் சைலன்சர் வாயைத் தோண்டித் திறந்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அது உயிரை எடுத்த பிறகுதான் தெரியும்.

இன்ஜின் அரை மணி நேரம் ஓடியும் ஊசி ஏறவே இல்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட்டை. எனக்கு இந்தச் சின்ன உருப்படியின் மேல் தனிப் பிரியம் உண்டு. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கும் வாசல்காரர் இது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை ரேடியேட்டர் பக்கம் கதவை அடைத்தே வைத்திருப்பார். கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயும் ஹீட்டருக்கும் மட்டும் சுற்றிச் சீக்கிரம் சூடேறும். ஏறக்குறைய 80லிருந்து 95 டிகிரிக்குள், வண்டிக்கு வண்டி மாறும் ஒரு புள்ளியில், கதவைத் திறப்பார். இதற்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே ஒரு சிமிழில் மெழுகு இருக்கிறது. சூடு பட்டால் மெழுகு உருகி உப்பும், உப்பி ஒரு கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் கதவைச் சாத்தும். செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் கண்டுபிடித்தது. இன்றும் பெரும்பாலான கார்களில் அதே மெழுகுதான்.

வயசாகி இந்தக் கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? இன்ஜின் சூடேறுவதற்கு முன்பே எல்லாக் கூலன்ட்டும் ரேடியேட்டருக்குப் போய் மைனஸ் 18 காற்றில் குளித்துவிட்டு வரும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது ஹீட்டர் ஓரளவு சூடாக இருக்கும். 401 நெடுஞ்சாலையில் ஏறி நூறு கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் சூடு குறைந்துகொண்டே போகும், ஊசியும் இறங்கும். வேகம் கூடினால் மூக்கில் காற்று கூடுகிறது, ஆறுவதும் கூடுகிறது. தெர்மோஸ்டாட் விலை குறைந்த பாகம். பல வண்டிகளில் மாற்றுவதும் சுலபம். அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும்.

இனி இரண்டாவது காரணம். என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் இதில்தான் மாட்டியிருந்தார்கள்: கூலன்ட் குறைந்திருக்கிறது. சுற்றில் கூலன்ட் குறைந்தால் அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். காற்று மேடு தேடி ஏறும். ஹீட்டர் கோர் பல கார்களில் உயரமான இடத்தில், கிளை வாய்க்காலின் கோடியில் இருக்கிறது. மடையில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைசி வயல்தானே? இன்ஜினுக்கு எப்படியோ தண்ணீர் எட்டிவிடும், ஹீட்டருக்கு எட்டாது. உள்ளே காற்றுக் குமிழ் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதன் அடையாளம் தெர்மோஸ்டாட் கதைக்கு நேர் எதிர். சிக்னலில் நின்றால் ஜில்லென்று ஆகிவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடு வரும். பம்ப் வேகமாகச் சுற்றும்போது இருக்கிற கொஞ்சத்தையும் மேலே ஏற்றிவிடுகிறது, வேகம் குறைந்தால் கைவிட்டுவிடுகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால், காரைக் கிளப்பியவுடன், குடத்திலிருந்து தண்ணீர் கவிழ்ப்பதுபோலக் களக் களக்கென்று சத்தம் கேட்டால் அது காற்றும் கூலன்ட்டும் சேர்ந்து ஓடும் சத்தம். வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி நடக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அளவைத்தான். அதற்குக் காசு கிடையாது.

தம்பியிடம் நான் கேட்ட கேள்வியும் இதுதான்: "நிக்கும்போது ஜில்லுன்னா, ஓடும்போது ஜில்லுன்னா?" யோசித்துவிட்டு, "நிக்கும்போதுதான் அண்ணே. ஓடினா கொஞ்சம் பரவால்ல" என்றார். அவர் ஏற்கெனவே ஒரு கராஜுக்குப் போயிருந்தார். ஹீட்டர் கோர் போய்விட்டது, டாஷ்போர்டையே கழற்ற வேண்டும், கூலி மட்டும் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பானெட்டையாவது திறந்து பார்த்தார்களா என்றேன். இல்லையாம். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. புதிதாக வந்த மனிதர், கையில் இருக்கும் காசு எண்ணி வைத்த காசு.

மறுநாள் காலை இருவரும் கீழ்த்தளப் பார்க்கிங்குக்குப் போனோம். இரவெல்லாம் நின்ற கார், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தது. இது முக்கியம். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் தொட்டியின் மூடியையோ ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது குக்கர். அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. விசில் அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் அதேதான், முகத்துக்கு நேராக.

கூலன்ட் தொட்டி பாதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருக்கும். பக்கவாட்டில் குறைந்த அளவு, கூடிய அளவு என்று இரண்டு கோடுகள். தம்பியின் காரில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, அடியில் கறைதான் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு தொட்டி நிறைய நீலத் தண்ணீர். "இது நிறைய இருக்கே" என்றார். அது கண்ணாடி கழுவும் திரவம். அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் இல்லை. அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றி ஊற்றுகிறவர்கள் உண்டு. மூடியின் மேலுள்ள படத்தைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

"குழாய்த் தண்ணி ஊத்தினா ஆகாதா?" என்பது அடுத்த கேள்வி. ஊரில் அதைத்தானே செய்தோம். மலை ஏறும் வழியில் அம்பாசடரை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஆவி அடங்கக் காத்திருந்து, ஓடைத் தண்ணீரை ஊற்றிய டிரைவர்களைப் பார்த்தவர்கள் நாம். இங்கே அது இன்ஜினையே கொன்றுவிடும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். உலோக வாய்க்காலுக்குள் பெருக்க இடம் ஏது? உலோகம் பிளக்கும்.

அதனால்தான் தண்ணீரோடு எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. அப்படியென்றால் தண்ணீரே இல்லாமல் முழுக்க கிளைக்காலையே ஊற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் வேடிக்கை: சுத்த கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். தண்ணீர் உறைவது என்றால் அதன் துகள்கள் கோலப் புள்ளிபோல வரிசையில் அமர வேண்டும். நடுவில் வேறு துகள்கள் ஓடிக்கொண்டிருந்தால் வரிசை கலையும், உறைவது தள்ளிப்போகும். கிளைக்கால் மட்டும் தனியாக இருந்தால் அதைக் கலைக்க ஆள் இல்லை, அது தன் கோலத்தைப் போட்டுக்கொள்கிறது. சாலையில் உப்புத் தூவுவதும் இந்தக் கோலத்தைக் கலைக்கத்தான். கடையில் பாதிக்குப் பாதி கலந்தே விற்கும் ஜாடியை வாங்குங்கள். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும்; கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். குழந்தைகளுக்கும் ஆபத்து.

ஊற்றினால் மட்டும் போதாது. உள்ளே அடைத்திருக்கும் காற்றை வெளியே விட வேண்டும். பார்க்கிங்குக்கு வெளியே, சரிவுப் பாதையில் மூக்கு மேலே இருக்கும்படி காரை நிறுத்தினோம். குளிர்ந்த நிலையிலேயே மூடியைக் கழற்றிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பினோம். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு குமிழ் குமிழாக வந்தது. அளவு இறங்க இறங்க ஊற்றினோம். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டோம். சில வண்டிகளில் காற்றை விடுவதற்கென்றே ஒரு திருகு வைத்திருப்பார்கள். வேறு சிலவற்றில் இந்த வேலைக்குத் தனிக் கருவி தேவைப்படும், அப்போது மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. தம்பி உள்ளே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். "அண்ணே, வருது!" என்றார்.

இங்கே பலர் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போகக் கூடாது. மூடிய சுற்று என்றோம். கூலன்ட் அடுப்பில் வைத்த தண்ணீர்போல வற்றிப் போவதில்லை. இவ்வளவு குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. டார்ச் அடித்துத் தேடினோம். ஒரு ஹோஸ் மூட்டில் வெளிறிய பச்சைப் பொருக்கு, காய்ந்த பால் கறைபோல. கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. சில டாலர் கிளிப். எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. காருக்குள் இனிப்பு வாசம், கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம், முன்சீட்டுப் பயணியின் காலடிக் கம்பளம் ஈரம் என்று இருந்தால் ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. அப்போதுதான் டாஷ்போர்டைக் கழற்றும் பேச்சுக்கு அர்த்தம். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெண்புகை விடாமல் வந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறமாகியிருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது காரணம், அடைப்பு. ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை. வருஷக்கணக்கில் மாற்றாத கூலன்ட் துருவும் சேறுமாகி அங்கே படியும். ஒழுக்கை அடைக்கும் என்று விற்கும் மருந்தை ஊற்றினாலும் அது ஒழுக்கோடு சேர்த்து இந்தக் குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. கண்டுபிடிக்கும் வழி எளிது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சுற்றும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையைத் தள்ளி வைத்து, தடுப்பினுள் போகும் இரண்டு ஹோஸ்களையும் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் ஓட்டம் சரி. ஒன்று சுட்டு, மற்றது ஜில்லென்று இருந்தால் நடுவில் ஓட்டம் இல்லை. எதிர்த் திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பல சமயம் சேறு வந்துவிடும். அழுத்திவிட்டால் குழாய் கிழியும். சில கார்களில் இந்தக் கிளை வாய்க்காலில் ஒரு வால்வும் இருக்கும், அது சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான்.

இரண்டு ஹோஸும் சுடுகின்றன, உள்ளே காற்று மட்டும் ஜில்லென்று வருகிறதா? நாலாவது காரணத்துக்கு வந்துவிட்டோம். சூட்டைக் கூட்டக் குறைக்க நாம் திருப்பும் குமிழ் பெரும்பாலான கார்களில் ஹீட்டரை ஒன்றும் செய்வதில்லை. உள்ளே ஒரு தட்டுக் கதவை நகர்த்துகிறது. அந்தக் கதவு காற்றில் எவ்வளவு ஹீட்டர் கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு அதைத் தொடாமல் போக வேண்டும் என்று பிரிக்கிறது. குளிக்கும்போது வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவுகிறோம் அல்லவா, அதே வேலை. இந்த விளாவும் கதவை ஒரு குட்டி மோட்டார் பிளாஸ்டிக் பல்சக்கரத்தால் ஆட்டுகிறது. பல் உடைந்தால் கதவு ஒரே பக்கம் நின்றுவிடும். டாஷ்போர்டுக்குள் டிக் டிக் டிக் என்று கடிகாரம்போலச் சத்தம் கேட்டால் இதுதான். டிரைவர் பக்கம் சூடு, பக்கத்து சீட்டில் ஜில் என்று வந்தாலும் பல நேரம் இதுவே காரணம்; இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு வைத்த கார்கள் உண்டு.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரில் வீணாகும் சூடு மிகக் குறைவு, கடன் கொடுப்பவரே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே ஹீட்டர் நிஜமாகவே தனி மிஷின். பேட்டரியின் மின்சாரத்தைச் செலவழித்துத்தான் சூட்டைப் பெற வேண்டும். குளிர்காலத்தில் ஒரு சார்ஜில் போகும் தூரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். தம்பி மனசில் நினைத்திருந்த ஹீட்டர் பொய்யல்ல, அது வேறொரு காரில் இருக்கிறது.

பெட்ரோல் காரில் ஜில் காற்று என்பது விரல் மரக்கும் தொல்லை மட்டும் இல்லை. இன்ஜினைக் காப்பாற்றும் அதே தண்ணீரில்தான் ஹீட்டரும் பங்கு வாங்குகிறது. அது குறையும்போது முதலில் பட்டினி கிடப்பது ஹீட்டர். அடுத்த முறை இன்ஜின். வெப்ப ஊசியை மட்டும் நம்பிவிடவும் முடியாது, ஏனென்றால் ஊசிக்குச் செய்தி சொல்லும் சென்சாரைக் கூலன்ட் தொடவில்லையென்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் அது எல்லாம் நலம் என்று காட்டக்கூடும்.

டீ ஆறிவிட்டது, குடித்துவிடுங்கள். நாளைக் காலை காரைக் கிளப்புவதற்கு முன்னால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, பானெட்டைத் திறந்து கூலன்ட் தொட்டியில் அளவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.